மருத்துவக் காப்பீடும் கைப்பொறுப்பும்

சென்ற ஆண்டு நம் விடுதி மாணவர் ஒருவர் பரீட்சைக் கட்டணம் செலுத்தத் தவணை வேண்டி எம்மிடம் வந்தனர். அவர்தம் தந்தையார் குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருப்பவர். 2 லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடும் செய்திருந்தவர். சேலத்து ஆஸ்பத்திரி யொன்றில் எட்டு நாள் தங்கிச் சிகிச்சை பெற்றதில் பில் 2,40,000 ரூபாய் ஆயிற்று. தாம் கொடுக்க வேண்டியது 40,000 மட்டுமே என்று அவர் எண்ணியிருக்க, கொடுக்க நேர்ந்ததோ 97,500. நகைகள் அடகுக்குச் சென்றன. கம்பெனியார் வஞ்சித்துவிட்டனர் என்றே வீட்டார் நினைத்தனர். யாம் பத்திரத்தை வாங்கிப் படித்தோம். அதில் எழுதியிருந்தவாறே கணக்கிட்டிருந்தனர்.

அக்கணக்கு வருமாறு. அறை வாடகை நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு இரண்டு, அதாவது 4,000 ரூபாய், என்பது பத்திரத்தின் வரம்பு. அவர் தங்கியதோ 8,000 ரூபாய் அறை. அறைவாடகையில் பாதிதானே குறையும் என்று எவரும் கருதுவர். அன்று, அறை எந்த விகிதத்தில் வரம்பை மீறிற்றோ, அந்த விகிதத்தில் டாக்டர் கட்டணம், அறுவைக் கட்டணம் முதலியனவும் குறைக்கப்படும். மருந்தின் விலைக்கு இக்குறைப்பு இல்லை. ஆகவே 64,000 ரூபாய் வாடகை 32,000 ஆகவும், 1,16,000 ரூபாய்க் கட்டணங்கள் 58,000 ஆகவும் சுருங்கின. மருந்து 60,000 முழுமையாக நின்றது. மொத்தம் 1,50,000. இதிலும் நூற்றுக்கு ஐந்து நோயாளியின் பங்கு. இதனைக் கோ-பேமென்ட் என்பர். அந்த 7,500 போகக் கிடைத்தது 1,42,500. நாலாயிர ரூபாய் அறையிலேயே தங்கியிருப்பின் கைப்பணம் 20,000 ரூபாய்க்குள் நின்றிருக்கும். இதனைச் சேர்க்கும்போதே எவரேனும் சொல்லியிருக்கலாகாதா என்பதே எம் மனக்குறை.

2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வந்த ஆரோக்கிய சஞ்சீவனி என்னும் பத்திரத்திலும் இந்த ஐந்து விழுக்காட்டுப் பங்கு உண்டு. அறைவாடகை வரம்பும் உண்டு.

இனி டிடக்டிபிள் என்பது வேறொன்று. நம் பக்கத்து ஏரிகளில் நீர் கலங்கல் மட்டத்தை எட்டும்வரை ஒரு துளியும் வெளியேறாது. அதுபோலக் குறித்த தொகை வரையிலுள்ள செலவு முழுவதும் நம்முடையது. அதற்கு மேற்பட்டதே கம்பெனியின் பொறுப்பு. கலங்கல் உயர உயரப் பிரீமியம் தாழும். அமெரிக்க நாட்டில் இது பெரும்பாலான பத்திரங்களில் உண்டு. நம் நாட்டில் பெரிதும் டாப்-அப் பத்திரங்களிலேயே காணப்படும்.

இங்கேயும் ஓர் இடறல் உண்டு. டிடக்டிபிள் 3 லட்சம் என்க. ஒரே ஆண்டில் முதன்முறை 2 லட்சமும் மறுமுறை 2½ லட்சமும் செலவாயின. சாதாரண டாப்-அப் ஒவ்வொரு முறையையும் தனித்தனியே அளக்கும். இரண்டும் மூன்றுக்குக் கீழானவை, ஆதலின் ஒரு காசும் வாராது. சூப்பர் டாப்-அப் என்பதோ ஆண்டுச் செலவைக் கூட்டி யளக்கும். 4½-இல் 3 போக, 1½ லட்சம் கிடைக்கும். பெயரில் ஒரு சொல்லே வேற்றுமை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இவ்வகைக் கழிவுகள் இல்லை. 2009-இல் வேறு பெயரில் தோன்றி, 2012-இல் இப்பெயர் பெற்ற அத்திட்டம், 2022 சனவரியில் புதுப்பிக்கப்பெற்றபோது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வகுத்தது. எனினும் பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கே அது பொருந்தும். திருச்செங்கோட்டிலிருந்தோ ராசிபுரத்திலிருந்தோ சேலத்திற்கு வரும் பஸ் சத்தமும், நோயாளிக்குத் துணையிருப்பவர் இழக்கும் தறிக்கூலியும் எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை.

அம்மாணவர் தவணையில் கட்டணத்தைச் செலுத்தி முடித்துவிட்டனர். நகை இன்னும் மீளவில்லை.