மாமனார் ராஜாவின் சைன்யம்

பெண்ணைப் பெரிய இடத்தில் கொடுத்தால் ஆபத்துக்கு உதவும் என்று நினைக்காத தகப்பனார் உண்டா? ஐரோப்பாவில் ஒரு ராஜாவும் அப்படித்தான் நினைத்தார். அவர் பெயர் நிகோலா. தேசம் மாண்டிநீக்ரோ. 'கறுப்பு மலை' என்று அர்த்தம். ஆத்ரியக் கடலோரத்தில் பாறையும் பள்ளமுமாகக் கிடக்கும் சின்னஞ்சிறு ராஜ்யம். 1912-ல் ஜனத்தொகை சுமார் இரண்டரை லட்சம்தான்!

ராணி மிலேனாவுக்குக் குழந்தைகள் பன்னிரண்டு. அதில் பெண்கள் மட்டும் ஒன்பது. நம் வீடுகளில் என்றால் தகப்பனார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நிகோலா அசரவில்லை. மூத்தவள் ஸோர்க்காவை, பின்னால் ஸெர்பியாவுக்கு ராஜாவான பீட்டருக்குக் கொடுத்தார். இரண்டு பெண்கள் ரஷ்ய ராஜ குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். எலேனா 1896-ல் இத்தாலியப் பட்டத்து இளவரசரைக் கைப்பிடித்து, நான்கே வருஷத்தில் ராணியானாள். 'ஐரோப்பாவின் மாமனார்' என்றே நிகோலாவுக்குப் பெயர் வந்துவிட்டது.

சரி, சைன்யம்? அதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நிலையான பட்டாளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. யுத்தம் என்றால் ஆடு மேய்த்தவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். அப்படி 35,000 பேருக்கு மேல் திரண்டார்கள். இத்தனை பேருக்கும் சாப்பாடு? சர்க்காரின் ஏற்பாடு போதவில்லை. மனைவிகளும் தாய்மார்களும் அக்கா தங்கைகளும்தான் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தார்கள். ரொட்டி கொண்டு வந்தார்கள், தோட்டாவும் சுமந்தார்கள். சரித்திரப் புத்தகங்கள் தளபதிகளின் பெயரைப் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. இந்தப் பெண்களுக்கு ஒரு வரி கொடுத்தால் அதிகம்.

1912 அக்டோபர் 8-ந் தேதி, துருக்கி சாம்ராஜ்யத்தின் மீது நிகோலா யுத்தப் பிரகடனம் செய்தார். கூட்டாளிகளான ஸெர்பியா, பல்கேரியா, கிரீஸ் மூன்றும் களத்தில் இறங்கியது அதற்குப் பிறகுதான். நிகோலாவின் கண்ணெல்லாம் ஸ்கூட்டரி நகரத்தின் மேல். ஆறு மாத காலம் முற்றுகை. மழையிலும் பனியிலும் கிடந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். 1913 ஏப்ரலில் கோட்டை கைக்கு வந்தது. ஆனால் வல்லரசுகள், "அது அல்பேனியாவுக்கு, விட்டு வெளியே போ" என்றன. கடற்கரையை வளைத்துக்கொண்டு நின்ற கப்பல்களில் இத்தாலியக் கப்பல்களும் இருந்தன. ஆம், மாப்பிள்ளை வீட்டுக் கப்பல்கள்தான்! மே மாதம் நகரத்தைக் காலி செய்தார்கள்.

மூச்சு விடுவதற்குள் 1914 வந்தது. ஸெர்பியாவுக்குத் துணையாக நிகோலா ஆஸ்திரியாவை எதிர்த்தார். 1915 கடைசியில் தோற்றுப் பின்வாங்கிய ஸெர்பியச் சைன்யம், மாண்டிநீக்ரோ, அல்பேனியா மலைகள் வழியாகக் கடலை நோக்கி நடந்தது. அதற்கு வழி கிடைக்க வேண்டுமானால் யாராவது ஆஸ்திரியர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். 1916 ஜனவரி 6, 7 தேதிகளில் மொய்கோவாட்ஸ் என்ற இடத்தில் தளபதி யாங்கோ வுகோடிச் அதைச் செய்தார். அவர்களுடைய பஞ்சாங்கப்படி அது கிறிஸ்துமஸ் சமயம். முழங்காலளவு பனி, எதிரிகளோ எண்ணிக்கையில் மிக அதிகம். துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக்கொண்டு கைகலந்தார்கள். தளபதியின் மகள் வாசிலியாவும் தகப்பனாருடன் அந்தக் களத்தில் இருந்தாள், செய்தி கொண்டு ஓடும் வேலையில். கல்யாணம் பேச வேண்டிய வயதுப் பெண்!

மொய்கோவாட்ஸில் வழி விடவில்லை. ஆனால் அதே வாரத்தில், தலைநகர் செட்டின்யேக்குக் காவலாக நின்ற லோவ்சென் மலை இன்னொரு பக்கத்தில் விழுந்துவிட்டது. ஜனவரி 25-ல் சரணாகதி. ராஜா அதற்கு முன்பே இத்தாலிக்குப் போய், அங்கிருந்து பிரான்ஸ் சேர்ந்துவிட்டார். ஜனங்களை விட்டுப் போனது சரிதானா என்று அந்த நாட்டில் வெகுகாலம் சர்ச்சை நடந்தது. போனது சரியில்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

1918 நவம்பரில் போட்கோரிட்ஸாவில் கூடிய சபை, நிகோலாவை நீக்கி, நாட்டை ஸெர்பியாவுடன் சேர்த்துவிட்டது. அப்போது ஸெர்பியாவை ஆண்டுகொண்டிருந்தது யார் தெரியுமோ? மூத்த மகள் ஸோர்க்காவின் பிள்ளை அலெக்ஸாண்டர். தாத்தாவின் சிம்மாசனம் பேரன் கைக்குப் போயிற்று. மகளோ 1890-லேயே கண்ணை மூடிவிட்டாள்.

நிகோலா 1921-ல் பிரான்ஸில் காலமானார். இரண்டு வருஷம் கழித்து மிலேனாவும் அங்கேயே இறந்தாள். 1989-ல்தான் இருவர் உடல்களும் செட்டின்யேக்குத் திரும்பி வந்தன.