களத்துக்கு வெளியே – 9: மணத்தியிலிருந்து ஹிரோஷிமாவுக்கு

சென்ற வாரம் செஸ் வீரர் குகேஷுக்குப் பின்னால் நின்ற அணியைப் பார்த்தோம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரேனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆன பிறகுதான், தனக்காகத் திரைமறைவில் உழைத்தவர்கள் எல்லோருடைய பெயர்களையும் அவர் வெளியே சொன்னார். கஜேவ்ஸ்கி, வொய்தாஷெக், ஹரிகிருஷ்ணா, கைமர், டூடா என்று அது ஒரு பெரிய பட்டியல். மனப்பயிற்சிக்கு பேடி அப்டன். 2011-ல் தோனியின் அணி உலகக் கோப்பையை வென்றபோதும் உடனிருந்தவர் இவர்.

இந்த வாரம் ஒரு கபடி வீரருக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்க்க, தூத்துக்குடி மாவட்டத்து ஏரல் பக்கம் போவோம்.

ஏரலுக்கு வாழைத்தாரும் பாத்திரக்கடையும் சேர்மன் அருணாசல சுவாமி கோயில் அமாவாசைக் கூட்டமும் அடையாளம். அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கபடியும் ஓர் அடையாளம். கோயில் கொடை என்னும் திருவிழா வந்தால் ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் கபடிப் போட்டி இருக்கும். அந்தப் பகுதியின் மணத்தி கிராமத்திலிருந்து போன கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அர்ஜுனா விருதும் பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவித்தான் இயக்குநர் மாரி செல்வராஜ் 2025-ல் வெளியான ‘பைசன்’ படத்தை எடுத்தார்.

படத்தில் நாயகன் கிட்டானுக்குப் பின்னால் நிற்பவர்களைக் கவனியுங்கள். வெட்டுக்குத்துக்குப் பயந்து மகனைக் களத்துக்கே விடாத அப்பா, பின்னால் அவனுக்காகவே அலைகிறார். அக்கா துணை நிற்கிறாள். பி.டி. சார் விடாமல் இழுத்துப்போகிறார். சாதிக் கலவரத்தில் தென்மாவட்டங்கள் எரிந்த தொண்ணூறுகளில், வேறு சாதிக்காரர்களும் அவனுக்குக் கை கொடுக்கிறார்கள். இந்தக் கடைசி உதவிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அடுத்த ஊருக்கு ஆடப் போவதே ஆபத்து என்ற காலத்தில், பையனைப் பத்திரமாக வீடு சேர்ப்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இதற்கு இடமிருக்காது.

கணேசனின் கதையில் இன்னொரு துணையும் உண்டு: மாதச் சம்பளம். முதலில் சன் பேப்பர் மில் அணி, பிறகு மின்வாரியம். சோற்றுக்குக் கவலையில்லாத விளையாட்டுக்காரன்தான் காலையும் மாலையும் பயிற்சிக்கு வர முடியும். கொடைக்குக் கொடை கிடைக்கும் பரிசுத்தொகையை நம்பி எத்தனை வருஷம் ஆட முடியும்? ரயில்வேயும் காவல்துறையும் வங்கிகளும் அணி வைத்திருந்ததால்தான் இந்தியக் கபடி இத்தனை காலம் உயிரோடு இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு இப்போது 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் அந்த வரிசையில் வைத்தே பார்க்கிறேன்.

2014-ல் புரோ கபடி லீக் வந்த பிறகு நிலைமை மாறியது. லீக் அணிக்கு பிசியோ உண்டு, எதிரணியின் ரெய்டுகளை வீடியோவில் அலசிச் சொல்ல ஆள் உண்டு. 85 கிலோ எடை வரம்பைத் தாண்டாமல் சாப்பாட்டைக் கவனிக்கவும் ஆள் உண்டு. ஆனால் ஊர் அணியில் முழங்கால் பிசகினால் இன்றைக்கும் எண்ணெய் போட்டு நீவி, துணியைக் கட்டி, அடுத்த ஆட்டத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தால் அந்த ஒரு ஆட்டமே பையனின் கடைசி ஆட்டமாகிவிடலாம். போட்டி நடத்தும் கமிட்டிகள் பரிசுத்தொகையில் கொஞ்சத்தைக் குறைத்து, களத்தோரம் ஒரு பிசியோவை உட்கார வைத்தாலே போதும், பல முழங்கால்கள் தப்பும். வருகிற கொடையிலேயே இதைத் தொடங்கலாம்.

(தொடரும்)