தாண்டி வளைத்தால் திரும்பி வரும்

கடலை ஒட்டிய தூத்துக்குடி வீடுகளில் ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். ஜன்னலைத் தொட்ட அந்த உப்பு அடுப்படி அலமாரியை மட்டும் விட்டுவைக்குமா? எங்கள் ஆச்சி காலத்துக் கண்ணாடி ஜாடி ஒன்று அங்கே இருக்கிறது. கண்ணாடி மூடி, அதன் அடியில் ரப்பர் வளையம், இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்க ஒரு கம்பி கிளிப். நார்த்தங்காய் ஊறுகாய் அதில்தான் கிடக்கும். ஊறுகாய் தீர்ந்த மாதங்களில் மக்ரூன் வைப்போம். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த அந்தப் பண்டம், கடற்காற்றில் திறந்து கிடந்தால் மொறுமொறுப்பு போய்ப் பிசுபிசுத்துவிடும்.

அந்த கிளிப் தளர்ந்துபோனது. கிளிப்பைத் திறக்க வேண்டியதே இல்லை, ஒரு விரலால் மூடியைத் தள்ளினாலே நகர்ந்தது. குறடால் அமுக்கினேன். விட்டதும் பழைய இடத்துக்கே வந்தது. இன்னும் பலமாக அமுக்கினேன். இந்த முறை ஒரு பக்கம் கோணி நின்றுவிட்டது. ஜாடியைத் தூக்கிக்கொண்டு துறைமுகச் சாலைப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணாச்சி கம்பியைக் கழற்றினார். சாண் நீள இரும்புத் தண்டு ஒன்றை எடுத்தார். அதன் நுனியில் ரம்பத்தால் போட்ட ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள் கம்பியை நுழைத்து ஒரு திருகு.

“வேணும்கிற இடத்துல நிறுத்துனா நிக்காது தம்பி. தாண்டி வளைக்கணும். விட்டா தானா திரும்பி வந்து அங்கனக்குள்ள நிக்கும்” என்றார்.

உலோகவியலில் ஒரு முழு அத்தியாயத்தின் சாரம் அந்த மூன்று வாக்கியங்களில் இருக்கிறது.

மூடியின் மேல் ஒரு மேடு

கம்பி கிளிப் பழைய கண்டுபிடிப்பு. அமெரிக்காவில் சார்லஸ் டி குவில்ஃபெல்ட் என்பவர் 1875இல் சோடா, பீர் பாட்டில்களுக்கு இப்படி ஒரு கம்பி மூடிக்குக் காப்புரிமை பெற்றார். அதையே அகன்ற வாய் ஜாடிக்கு ஏற்றபடி மாற்றி 1882இல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி புட்னம். சட்டென்று திறக்கலாம் என்பதால் அந்த ஜாடிக்கு ‘மின்னல்’ என்றே பெயர் வைத்தார்கள்.

அமைப்பு எளிது. ஜாடியின் கழுத்தைச் சுற்றி ஒரு கம்பி. மூடியின் மேல் வளைந்து செல்லும் இன்னொரு கம்பி. இரண்டையும் இணைக்கும் நெம்புகோல் ஒன்று. நெம்புகோலைக் கீழே அழுத்தும்போது மேல் கம்பி இழுபடுகிறது. விரலுக்கு முதலில் எளிதாக இருக்கும், பிறகு கடினமாகும், உச்சத்தைத் தொட்டதும் ‘டக்’கென்று விழும். ஒரு மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்குவது போலத்தான். இறங்கிய பிறகு மூடி உள்ளிருந்து தள்ளினாலும் நெம்புகோல் ஜாடியோடு இன்னும் ஒட்டிக்கொள்ளுமே தவிரத் திறக்காது. திறக்க வேண்டுமானால் யாராவது அதை மறுபடி மேட்டின் மேல் ஏற்ற வேண்டும்.

அந்த மேடு இருப்பதற்குக் காரணம் கம்பியின் மீள்தன்மை. இழுபட்ட கம்பி சுருங்கப் பார்க்கிறது, அமுங்கிய ரப்பர் விரியப் பார்க்கிறது. இந்த இரண்டு விருப்பங்களுக்கும் இடையே மாட்டிக்கொண்டு மூடி அசையாமல் நிற்கிறது. கம்பி கொஞ்சம் நெளிந்துவிட்டால் மேடு மட்டமாகிவிடும். ‘டக்’ ஓசையும் போய்விடும்.

சிப்பி செய்வது இதற்கு நேர் எதிர்

மூடி, கீல், விசை என்ற இந்தக் கணக்கை இந்தக் கடற்கரை வெகு காலமாகவே அறியும். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் கிடக்கும் முத்துச்சிப்பிக்கும் ஒரு விசை உண்டு. ஆனால் அது மூடுவதற்கான விசை அல்ல, திறப்பதற்கானது. இரண்டு ஓடுகளும் சேரும் இடத்தில் ரப்பர் போன்ற ஒரு பட்டை இருக்கிறது. ஓடுகள் மூடும்போது அது அமுங்குகிறது, விட்டால் ஓடுகளைத் திறந்துவிடுகிறது. மூடி வைப்பது தசையின் வேலை. அந்தத் தசையின் ஒரு பகுதி மிகக் குறைந்த ஆற்றலைச் செலவிட்டு மணிக்கணக்கில் இறுக்கிப் பிடிக்க வல்லது. சிப்பி செத்ததும் தசை தளர்கிறது, பட்டை தன் வேலையைச் செய்கிறது, வாய் திறந்துகொள்கிறது. முத்துக்குளிப்புக் காலங்களில் கரை சேர்ந்த சிப்பிகளை ஒன்றொன்றாக நெம்பிக்கொண்டிராமல் குவித்து அழுகவிட்டதற்கு இந்த இயல்பும் துணை நின்றது.

தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1973இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் கே. அழகர்சுவாமியும் அவருடன் பணியாற்றியவர்களும் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். உயிரோடு இருக்கும் சிப்பிக்குள் சிறு மணியைப் பதிக்க வேண்டும், சிப்பி சாகவும் கூடாது. பலத்தைக் காட்டி நெம்பினால் தசை கிழியும். அதனால் மெந்தால் கொடுத்துத் தசையைத் தளரவிட்டு, ஓடுகளுக்கு நடுவே சிறு முளையைச் செருகி, தாங்கியில் பொருத்தி வேலை செய்தார்கள். பொருள் எதை விரும்புகிறது என்று தெரிந்துகொண்டு அதன் போக்கிலேயே கருவியைச் செலுத்துவது அந்த நுட்பம். பட்டறையில் அண்ணாச்சி காட்டியதும் அதுவேதான்.

கம்பிக்குள் நடப்பது

விசை எவ்வளவோ நீட்சியும் அவ்வளவு என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். அந்த விதி ஓர் எல்லை வரைதான். எல்லைக்குள் வளைத்தால் கம்பி முழுவதும் திரும்பிவிடும். எல்லையைத் தாண்டினால் ஒரு பகுதி வளைவு நிலைத்துவிடும்.

அந்த எல்லை எங்கே? இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரண இரும்புக் கம்பியை எடுத்துக்கொள்வோம். 80 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில், அதாவது ஒரு மாட்டு வண்டிச் சக்கரத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத்தில் வளைத்தாலே அதன் வெளிப்புறம் எல்லையைத் தொட்டுவிடும். கிளிப்புக்கு ஏற்ற கடினமான விசைக் கம்பி என்றால் சுமார் 20 சென்டிமீட்டர் ஆரம் வரை தாங்கும். அந்த அளவு வளைத்து விட்டாலும் அது நேராகிவிடும். மென்கம்பியால் கிளிப் செய்தால் ஒரு மாதமும் நிற்காது. இந்த நான்கு மடங்கு வித்தியாசம்தான் காரணம்.

எல்லையைத் தாண்டி வளைக்கும்போது கம்பியின் மேற்பரப்புதான் முதலில் நிரந்தரமாக மாறுகிறது. நடுப்பகுதி இன்னும் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. விசையை எடுத்ததும் அந்த நடுப்பகுதி மேற்பரப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பின்வாங்குகிறது. நான் குறடால் அமுக்கியபோது கம்பி திரும்பி வந்தது இதனால்தான். வேண்டிய கோணத்தைத் தாண்டிப் போனால்தான் திரும்பி வரும்போது வேண்டிய இடத்தில் நிற்கும். எவ்வளவு தாண்டுவது என்பதற்குக் கம்பிக்குக் கம்பி கணக்கு வேறு. அதனால் ஒரே முயற்சியில் முடிக்காமல், கொஞ்சம் வளைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் வளைப்பது நல்லது.

உலோகம் உடையாமல் வளைவது எப்படி என்ற கேள்விக்கு 1934இல் டெய்லர், ஒரோவான், போலன்யி மூவரும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டார்கள். உலோகத்தின் அணு அடுக்குகளில் வரிசை தவறிய கோடுகள் உண்டு. வளைக்கும்போது அந்தக் கோடுகள் நகர்கின்றன. விரிப்பின் ஒரு ஓரத்தில் மடிப்பை உண்டாக்கி மறு ஓரத்துக்குத் தள்ளினால் விரிப்பு முழுவதும் நகர்ந்துவிடுவதைப் போல. வளைக்க வளைக்கப் புதிய கோடுகள் பிறக்கின்றன, ஒன்றையொன்று வழிமறிக்கின்றன, கம்பி கெட்டியாகிறது. அதே இடத்தை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் கெட்டித்தன்மை முற்றி ஒடிந்துவிடும்.

இதற்குள் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு பக்கம் வளைந்த கம்பியை எதிர்ப்பக்கம் திருப்பும்போது அது எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இளகிக்கொடுக்கும். ஜெர்மானியப் பொறியாளர் யோஹான் பௌஷிங்கர் 1880களில் இதை அளந்து காட்டினார். கோணிப்போன கிளிப்பை நிமிர்த்தும்போது கை தேவைக்கு மேல் போய்விடுவதற்கு இதுவே காரணம்.

சாண் நீளத் தண்டு

கட்டட வேலையில் கம்பி வளைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பலகையில் முளைகளை அறைந்து, கம்பியை இடையில் வைத்து, பிளந்த வாயுள்ள நீள இரும்பால் சுற்றி இழுப்பார்கள். அண்ணாச்சி எடுத்த தண்டு அதன் குட்டி.

விசைக் கம்பி இரண்டு மில்லிமீட்டர் என்றால் அதை நிரந்தரமாக வளைக்க விரல்களால் இரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து முயன்றால் ஏறக்குறைய 7 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். விரல் நோகும், கை நடுங்கும், வளைவு தவறான இடத்தில் விழும். 15 சென்டிமீட்டர் பிடியுள்ள தண்டால் என்றால் ஒரு கிலோவுக்கும் குறைவான விசை போதும். விசை குறைந்தால் கைக்கு நிதானம் வருகிறது. கருவியின் உண்மையான பயன் அந்த நிதானம்தான். கம்பியின் தடிமன் கூடினால் தேவைப்படும் விசை அதன் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். மூன்று மில்லிமீட்டர் கம்பிக்கு மூன்று மடங்குக்கு மேல் வேண்டும்.

அந்தத் தண்டைச் செய்வதும் எளிது. பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் துண்டின் நுனியில் ரம்பத்தால் கிளிப் கம்பியின் தடிமனைவிடச் சற்று அகலமாக ஒரு வெட்டு போட வேண்டும். பிறகு வெட்டின் உதடுகளை அரத்தால் உருட்டி மழுக்க வேண்டும். இந்த மழுக்கலைத் தவிர்க்கக் கூடாது. கூரான விளிம்பு கம்பியில் கீறலை உண்டாக்கும், பின்னாளில் கம்பி அந்தக் கீறலில்தான் ஒடியும். கம்பியின் மறுபக்கத்தைக் குறடால் பிடித்துக்கொள்ள வேண்டும், குறடின் பல் பதியாமல் துணி சுற்றிக்கொள்ளலாம்.

வளைக்கும்போது கம்பி ஜாடியில் இருக்கவே கூடாது. கண்ணாடியும் பீங்கானும் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்கா. கழுத்தில் மாட்டியபடியே திருகினால் கம்பிக்கு முன் ஜாடி விரிசல் விடும். கம்பியை அடுப்பில் காட்டிப் பழுக்க வைப்பதும் தவறு. வளைக்க எளிதாக இருக்கும், ஆனால் அதன் விசை போய்விடும். பிறகு அது வெறும் கட்டுக்கம்பி.

முதலில் ரப்பர், பிறகு கம்பி

கிளிப் தளர்ந்ததும் கம்பியைக் குற்றம் சொல்வது வழக்கம். பாதி நேரம் குற்றவாளி ரப்பர் வளையம். நெடுநாள் அமுங்கியே கிடந்தால் ரப்பரும் தட்டையாகி அப்படியே நின்றுவிடும். நல்லெண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பிப் பலம் இழக்கும். அதனால் முதலில் வளையத்தை மாற்றிப் பாருங்கள். எண்ணெய் ஊறுகாய்க்கு சிலிக்கோன் வளையம் ஏற்றது. அதன் பிறகும் ‘டக்’ ஓசை இல்லை என்றால் கம்பியைத் தொடலாம். மூடியின் மேல் படியும் பகுதியின் நடுவில் கீழ்நோக்கி லேசான பள்ளம் விழுமாறு வளைத்தால் போதும். அதுவே மூடியைக் கூடுதலாக அமுக்கும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டுக் காகிதம் போதும். மூடிக்கும் வளையத்துக்கும் நடுவே அதை வைத்து மூடி, மெல்ல இழுங்கள். வழுக்கி வந்தால் இறுக்கம் போதவில்லை. சுற்றிலும் நான்கு இடத்தில் பாருங்கள். அதற்காக அளவுக்கு மீறி இறுக்கவும் வேண்டாம். புளிக்கும் பண்டம் உள்ளே இருந்தால் வாயு சேரும். சரியான இறுக்கத்தில் ரப்பர் சற்று விலகி வாயுவை வெளியே விடும். கிளிப் தானே எதையும் கெடாமல் காப்பதும் இல்லை. ஊறுகாயைக் காப்பது உப்பும் புளிப்பும். கிளிப் அவற்றுக்குக் காவல்.

உப்பின் கணக்கு

தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிக உப்பு விளையும் மாநிலம் தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்து உப்பளங்களில். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கரையும். ஆனால் கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். இந்தக் கரையில் காற்று அவ்வளவு வறள்வது அரிது. அதனால் கம்பியில் படிந்த உப்புப் பொடி கண்ணுக்குக் காய்ந்து தெரிந்தாலும் பெரும்பாலான நேரம் ஈரமாகவே இருக்கிறது.

எவர்சில்வர் கம்பியும் முழுக்கத் தப்புவதில்லை. குரோமியம் தரும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதன் கவசம். குளோரைடு அயனிகள் அந்தக் கவசத்தில் ஊசித்துளை போடும். கம்பியும் கண்ணாடியும் ஒட்டும் இடுக்கில் இது இன்னும் வேகம். துரு அரித்த குழியில்தான் வளைக்கும்போது முதல் விரிசல் பிறக்கும். எனவே திருத்துவதற்கு முன் கம்பியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். குழி விழுந்திருந்தால் திருத்த வேண்டாம், கம்பியையே மாற்றுங்கள். குழி இல்லையென்றால் தாராளமாக வளைக்கலாம்.

எங்கள் ஜாடி மறுபடி அலமாரிக்கு வந்துவிட்டது. நார்த்தங்காய் இன்னும் போடவில்லை. ஜாடி வெறுமையாக இருக்கும்போது ஆச்சி அதை ஒருநாளும் பூட்டி வைத்ததில்லை. மூடியைச் சும்மா மேலே சாத்தி, கிளிப்பைத் தொங்கவிட்டிருப்பாள். ஏன் என்று அப்போது கேட்கவில்லை. இப்போது தெரிகிறது. வேலை இல்லாத நாளில் கம்பியையும் ரப்பரையும் அமுக்கத்திலேயே வைத்திருந்தால், வேலை வரும் நாளில் இரண்டும் தளர்ந்திருக்கும். நானும் அப்படியே தொங்கவிட்டிருக்கிறேன்.