பந்திக்குப் பிந்துகிறவர்கள்!

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். படை விஷயம் எப்படியோ, பந்தி விஷயத்தில் நாம் அந்தப் பேச்சைத் தட்டியதே கிடையாது.

ஆனால் தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கல்யாண வீடு எதற்காவது போனால், நீங்கள் கொஞ்சம் கண்ணை ஓட்டிப் பாருங்கள். இலை போட்டாகிவிட்டது. பாயசத்தின் வாசனை பந்தல்வரை வருகிறது. ஒரு பெரியவர் மட்டும் பந்தற்காலோரம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "வாங்க மாமா, சாப்பிடலாம்" என்று மூன்று தடவை கூப்பிட்டாகிவிட்டது. "நீங்க ஆகட்டும், எனக்கு அப்புறம்" என்று கையை அசைக்கிறார். "சம்பந்தி வீட்டார்மேல் கோபமோ?" என்கிறார் ஒருவர். "கௌரவம் பார்க்கிறார்" என்கிறார் இன்னொருவர்.

கோபமும் இல்லை, கௌரவமும் இல்லை. அவருடைய சட்டையை விலக்கிப் பார்த்தால் மார்புக்குக் கீழிருந்து தொப்புள்வரை ஒரு நீளத் தழும்பு தெரியும். எத்தனையோ வருஷத்துக்கு முன் நடந்த வயிற்று ஆபரேஷன். பந்தியில் உட்கார்ந்து எல்லாரையும்போல் சாப்பிட்டால், கால்மணி நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, நெஞ்சு படபடத்து, எங்கேயாவது படுத்துவிட வேண்டியிருக்கும். நாலு பேர் முன்னிலையில் அந்த அவஸ்தை எதற்கு என்றுதான் அவர் பிந்துகிறார். அவர் உங்கள் தகப்பனாராக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், ஏன், நீங்களாகவே இருக்கலாம்!

கத்தி வைத்த காலம்

வயிற்றுப் புண் என்றால் ஒரு காலத்தில் கத்திதான் கடைசி மருந்து. சிறுகுடலின் ஆரம்பத்தில் புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, தழும்பேறி, இரைப்பையின் கீழ்வாசலே அடைத்துக்கொள்ளும். நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று வாந்தியாக வரும். அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர்கள் இரைப்பையில் வேறொரு துவாரம் செய்து, சிறுகுடலை அங்கே இணைத்துத் தைத்தார்கள். அமிலம் குறையட்டும் என்று இரைப்பைக்குப் போகும் வேகஸ் என்ற நரம்பையும் துண்டித்தார்கள். இந்த இணைப்பு ஆபரேஷனை வியன்னா நகரில் வோல்ஃப்ளர் என்பவர் 1881-ல் செய்தார். அதே வருஷம், அதே ஊரில், அவருடைய குருவான பில்ரோத் இரைப்பையின் ஒரு பகுதியையே அறுத்து எடுத்து ஒரு பெண்மணியைப் பிழைக்க வைத்தார்.

தென்னிந்தியாவில் இந்தப் புண் அந்தக் காலத்தில் மிகவும் அதிகமாக இருந்தது. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில் 1951 முதல் 1967 வரை வேலை பார்த்த ஆங்கில சர்ஜன் பிராங்க் டோவி இதைக் கண்டு வியந்தார். அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் இத்தனை பேருக்கு வருகிற புண், கோதுமை உண்ணும் பஞ்சாபில் ஏன் குறைவு என்று பல வருஷம் ஆராய்ந்தார். அவரும் அவரோடு உழைத்தவர்களும் எலிகளுக்குப் பலவகைத் தானியம் கொடுத்துப் பார்த்தபோது, புண் வராமல் காக்கும் சத்து சிலவற்றில் இருந்தது. அவற்றில் ஒன்று எது தெரியுமா? நம் கொள்ளு!

பிற்பாடு கதையே மாறிவிட்டது. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம் என்று நிரூபித்தார்கள். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது சில வார மாத்திரையில் புண் ஆறிவிடுகிறது. கத்திக்கு வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அன்று கத்திக்கு உட்பட்டவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். புற்றுநோய்க்காகவும், புண் ஓட்டையாகிவிட்டதற்காகவும் இப்போதும் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மார்ஷலின் மாத்திரை போதாது. அவர்களுக்கு வேண்டியது சாப்பிடும் வித்தை.

மதகு இல்லாத ஏரி

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இரைப்பை ஓர் ஏரி. அதன் கீழ்வாசல் மதகு. மதகு இருக்கிறவரை தண்ணீர் வயலுக்கு அளவோடு போகும். இரைப்பையும் அப்படித்தான், உண்டதைக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு அனுப்பும்.

ஆபரேஷனுக்குப் பிறகு மதகு இல்லை. கரையில் ஒரு வெட்டுத்தான் இருக்கிறது. உண்டதெல்லாம் தடதடவென்று குடலில் இறங்குகிறது. சர்க்கரையும் வெல்லமும் கலந்த ஆகாரமாக இருந்தால் குடல் அதை நீர்க்கச் செய்ய ரத்தத்திலிருந்து நீரை இழுக்கிறது. வயிறு உப்புகிறது, கடகடவென்கிறது, மயக்கம், வியர்வை, படபடப்பு, சில சமயம் பேதி. சாப்பிட்ட அரைமணிக்குள் இது நடக்கும். டாக்டர்கள் இதற்கு 'டம்பிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'கொட்டிவிடுவது' என்று அர்த்தம்.

இதற்குத் தம்பி ஒருவனும் உண்டு. அவன் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வருவான். சர்க்கரை ஒரேயடியாக ரத்தத்தில் ஏறியதும் உடம்பு பதறிப்போய் இன்சுலினை அள்ளிக் கொட்டுகிறது. சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுகிறது. கை நடுங்கும், கண் இருட்டும், பசி பிடுங்கும். "இப்போதுதானே சாப்பிட்டார், அதற்குள் பசியா?" என்று வீட்டில் கேட்பார்கள். பாவம், அவர் பொய் சொல்லவில்லை!

மதகை நீங்களே கட்டுங்கள்

போன மதகைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் சாப்பிடும் முறையால் வேறொரு மதகு கட்டலாம்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி போதும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள்; அரைமணி முன்னால் அல்லது அரைமணி பின்னால் குடியுங்கள். ரசத்தையும் மோரையும் சோற்றில் வெள்ளமாக விட்டு உறிஞ்சுகிற வழக்கத்துக்கு விடை கொடுங்கள். பாயசம், சர்க்கரை போட்ட பால், வெல்லப் பாகு இவைதான் முதல் விரோதிகள். முட்டை, பருப்பு, மீன், கோழி, கெட்டித் தயிர் முதலியவை மெதுவாக இறங்கும்; ஒவ்வொரு வேளையும் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். சாப்பிட்டவுடன் அரைமணி நேரம் சாய்ந்து படுத்தால் ஆகாரம் இறங்கும் வேகம் மட்டுப்படும். அது சோம்பேறித்தனம் அல்ல, சிகிச்சை.

தம்பிக்காரன் வந்து கை நடுங்கினால் ஒரு வாய் சர்க்கரை போட்டுக்கொண்டு, தெளிந்ததும் கொஞ்சம் கெட்டி ஆகாரம் சாப்பிடுங்கள். நீரிழிவும் இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் செய்யவேண்டும்.

பெரும்பாலோருக்கு இப்படி நடந்துகொண்டால் சில மாதங்களில் தொந்தரவு குறைந்துவிடும். குறையாதவர்களுக்கு மருந்து இருக்கிறது. குடல், இரைப்பை ஆபரேஷன்களுக்கென்றே தனித் துறைகள் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. தர்மபுரியிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. "ஆபரேஷன் ஆன வயிறு அப்படித்தான் இருக்கும்" என்று நீங்களாகவே தீர்ப்பெழுதிக் கொள்ளாதீர்கள்.

களி, கூழ், மாம்பழம்

'எல்லாம் சரி, எங்கள் ஊர்ச் சாப்பாடு என்ன ஆவது?' என்று கேட்பீர்கள்.

ராகிக் களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்பது நம் ஊர்ச் சாஸ்திரம். ஆபரேஷன் ஆனவர் அந்தச் சாஸ்திரத்தைத் தாராளமாக மீறலாம். உருண்டையாக விழுங்கியதை அரைக்கும் சக்தி அந்த இரைப்பைக்கு இல்லை. எலுமிச்சங்காய் அளவுக்குக் களியை எடுத்து, வாயில் வைத்துக் கரைத்து உண்ணுங்கள். கூழ் வேண்டுமா? நீர்க்கக் கரைத்துச் செம்போடு தூக்கிக் குடிக்காமல், கெட்டியாகக் கரைத்து, உணவாகவே எண்ணிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். ராகியை விட்டுவிட மட்டும் வேண்டாம். நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடையாது.

கொள்ளு? எலிக்குப் புண் வராமல் காத்தது என்பதற்காக, ஆபரேஷன் ஆன வயிற்றில் கிண்ணம் கிண்ணமாக ஊற்றக்கூடாது. வாயு பண்ணும். நன்றாக வேகவைத்துக் கடைந்து, ஒரு கரண்டியில் ஆரம்பித்துப் பாருங்கள். நார் நிறைந்த மாம்பழம், சுளைமேல் தோலோடு ஆரஞ்சு இவற்றை அவசரமாக விழுங்கினால், நாரெல்லாம் திரண்டு பந்துபோல் வயிற்றில் தங்கிவிடுவது உண்டு. மென்று, சக்கையைத் துப்பிவிடுவதே நல்லது.

இனி, பித்தப்பையை எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பித்தநீரைச் சேர்த்து வைக்கும் பை இல்லாததால் அது சதா குடலில் சொட்டிக்கொண்டிருக்கும். அநேகருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. சிலருக்குச் சாப்பிட்டவுடன் வெளியே ஓடவேண்டியிருக்கும். எண்ணெய்ப் பலகாரத்தை ஒரே வேளையில் உண்ணாமல் குறைத்துப் பாருங்கள். தீரவில்லை என்றால் பித்தநீரைக் கட்டிப்போடும் மருந்து டாக்டரிடம் இருக்கிறது.

தண்ணீர்மேல் பழி போடாதீர்கள்!

மெதுவாக வரும் கேடுகள்தான் பொல்லாதவை. இரைப்பை ஆபரேஷன் ஆனவருக்கு இரும்புச் சத்து சரியாக ஒட்டாது, ரத்தம் குறையும். பி-12 என்ற ஜீவசத்தும் ஒட்டாமல் போகலாம். ஈரலில் சேமிப்பு இருப்பதால் சில வருஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதி வரும். சிறுகுடலின் கடைசிப் பாகத்தை அறுத்து எடுத்தவர்களுக்கும் இதே கதிதான். இரைப்பை முழுவதையும் எடுத்தவர்களுக்கோ ஆயுள் முழுக்க பி-12 வேண்டும். பெரும்பாலும் ஊசியாகவே போடுவார்கள். வருஷம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்தால் இதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம்.

எலும்பிலும் சுண்ணாம்பு குறையும். இங்கேதான் நம் மாவட்டத்துக்கு ஒரு விசேஷ ஆபத்து. தர்மபுரியில் பல ஊர்க் கிணறுகளில் புளோரைடு அதிகம். பல்லில் கறை, மூட்டில் வலி, முதுகில் விறைப்பு என்று தலைமுறையாக அனுபவித்தவர்கள் நாம். அதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. ஆகவே ஆபரேஷன் ஆன ஒருவருக்கு எலும்பு வலித்தால், "தண்ணீர்க் கோளாறு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது வயிற்றுக் கோளாறாகவும் இருக்கலாம்! இதைவிடப் பெரிய தப்பு, அந்த வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது. வலி மாத்திரையும் பீடியும் சேர்ந்தால், தைத்த இடத்திலேயே புதுப் புண் வரும்.

உடனே ஓட வேண்டிய நேரம்

வயிற்றைத் திறந்து செய்த எந்த ஆபரேஷனுக்குப் பிறகும், உள்ளே குடலோடு குடல் ஒட்டிக்கொண்டு நார்க்கயிறுபோல் கட்டு உண்டாகலாம். பத்து இருபது வருஷம் கழித்துக்கூட அந்தக் கயிறு குடலைச் சுருக்குப் போடும். விட்டு விட்டு முறுக்கும் வலி, வயிறு உப்பல், வாந்தி, மலமும் காற்றும் நின்றுபோவது இவை அதன் அடையாளம். அந்த நேரத்தில், 'மலச்சிக்கல்' என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துவிடாதீர்கள்! பேதி மருந்து ஒன்றும் வேண்டாம், வண்டிதான் வேண்டும். இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தார்போல் கறுத்த மலம், ரத்த வாந்தி இரண்டும் அப்படியே. காரணமின்றி உடம்பு இளைப்பது, பசியே அற்றுப்போவது இவற்றையும் அலட்சியம் செய்யாதீர்கள். இரைப்பையில் ஆபரேஷன் ஆகிப் பதினைந்து, இருபது வருஷம் கடந்தவர்களுக்கு மீதி இரைப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம். குழாய் விட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இப்போது அந்தக் கல்யாண வீட்டுக்குத் திரும்புவோம். பெரியவர் இன்னும் பந்தற்காலோரம்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரை நாலாவது தடவை கூப்பிடாதீர்கள். ஒரு சிறிய தட்டில் இரண்டு பிடி சோறு, கெட்டியாய்ப் பருப்பு, ஒரு பொரியல். பாயசம் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு, சாய்ந்துகொள்ள ஒரு திண்ணையைக் காட்டுங்கள். இரண்டு மணி கழித்து இன்னொரு தட்டு.

அவர் உங்களை ஆச்சரியத்தோடு நிமிர்ந்து பார்ப்பார். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாத விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று!