பாடிப் போறவரா, பிடிக்கிறவரா?



நம்ம வில்லியனூர், பாகூர் பக்கம் எந்த ஊரில் கபடி நடந்தாலும் கைத்தட்டல், விசில் எல்லாம் பாடிப் போறவருக்குத்தான். மூலையில் நின்று கணுக்காலைப் பிடிக்கிறவர் பேரை மைக்கில்கூட சரியாச் சொல்றது இல்லை. பாடிப் போறவர் நல்லா இருந்தாலே அணி ஜெயிச்சிடுமா? இதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பாடிப் போக 30 விநாடி. ஒருத்தரைத் தொட்டுத் திரும்பினா ஒரு புள்ளி, மூணு பேரைத் தொட்டா மூணு புள்ளி. பிடிக்கிறவங்களுக்கு எத்தனை பேர் சேர்ந்து பிடிச்சாலும் ஒரே புள்ளிதான். (மூணு பேரோ அதுக்குக் குறைவாவோ இருக்கும்போது பிடிச்சா மட்டும் இரண்டு.) இப்படிப் பார்த்தால் பாடிப் போறதுதான் லாபம்னு தோணும். ஆனால் எதிரணியின் நல்ல ஆட்டக்காரரை ஒரு தடவை பிடிச்சிட்டா, அவங்க அணி ஒரு புள்ளி எடுக்கிற வரைக்கும் அவர் கோட்டுக்கு வெளியே உட்காரணும். அந்த நேரத்தில் அவர் எடுத்திருக்கக்கூடிய புள்ளி எல்லாம் போச்சு. இது ஸ்கோர் போர்டில் தெரியாது. ஏழு பேரும் வெளியே போனா எதிரணிக்குக் கூடுதலா இரண்டு புள்ளி வேற.

காணும் பொங்கல் அன்று ஒரு ஆட்டத்தை நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். 31-க்கு 27. தோத்த அணி பாடி எடுத்தது 20, ஜெயிச்ச அணி பாடி எடுத்தது 16தான்! ஆனா ஜெயிச்சவங்க பிடிச்சது 11, தோத்தவங்க பிடிச்சது 5. மிச்சம் எல்லாம் ஆல் அவுட் புள்ளி. பக்கத்தில் இருந்த அண்ணன்கள் "அவன் பாட்டுக்கு அள்ளினானே, எப்படித் தோத்தாங்க?" என்று கேட்டுக்கொண்டே போனாங்க.

ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்லக்கூடாது. புரோ கபடியில் பாட்னா அணியைப் பாருங்கள். 2017-இல் பர்தீப் நர்வால் பாடியே 369 புள்ளி எடுத்தார், கோப்பையும் கிடைத்தது. 2019-லும் அவர் 302 எடுத்தார். அணி வந்த இடம் எட்டு! பிறகு அவர் வேறு அணிக்குப் போய்விட்டார். பாட்னா அவ்வளவுதான் என்று நினைச்சாங்க. 2021 டிசம்பரில் தொடங்கிய அடுத்த போட்டியில் பட்டியலில் முதலிடம் பாட்னாதான். ஈரான் நாட்டு ஷாட்லூயி என்ற கார்னர் ஆட்டக்காரர் பிடிச்சே 89 புள்ளி எடுத்தார். இறுதி ஆட்டத்தில் டெல்லியிடம் 36-37, ஒரே புள்ளியில் தோத்தாங்க. எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அதுக்காகப் பாடிப் போறவங்க வேண்டாம்னு சொல்லலை. 2022-இல் நம்ம தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் கொடுத்து பவன் செராவத்தை எடுத்தாங்க. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி, அப்புறம் அந்த வருஷம் ஆடவே இல்லை. ஆனாலும் அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல் தடவையா அரையிறுதிக்குப் போனது. சாகர், சாகில் எல்லாம் கார்னரில் நல்லாப் பிடிச்சாங்க என்பது ஒரு காரணம். நரேந்தர் என்ற புதுப் பையன் பாடி 243 புள்ளி எடுத்தது இன்னொரு காரணம். அவரும் இல்லைன்னா பிடிச்சு மட்டும் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது. ஆக, பாடிப் போறவர் ஆட்டத்தை நம்ம பக்கம் இழுக்கிறார், பிடிக்கிறவங்க அது கை நழுவாமப் பார்த்துக்கறாங்க. எனக்குத் தோன்றியது இதுதான்.

பெண்கள் களம் 12-க்கு 8 மீட்டர், ஆண்கள் களத்தை விடச் சின்னது. பாடி வர்றவங்க ஓட இடம் குறைவு, வளைச்சுப் பிடிக்க நமக்கு வசதி.

இதை ஏன் எழுதுறேன்னா, நம்ம பள்ளிப் பெண்கள் அணிக்குப் பேர் கொடுத்த 11 பேரில் 9 பேர் பாடிப் போகத்தான் கொடுத்திருக்காங்க. முட்டி சிராயும்னு பயம், வீட்டில் திட்டுவாங்கன்னும் பயம். மணலில் பழகினா சிராய்ப்பு குறையும், முட்டிக்குத் துணிப் பட்டையும் கட்டலாம். இடது கார்னருக்கு நான் பேர் கொடுத்திருக்கேன். வலது கார்னர் இன்னும் காலி. எட்டாவது, ஒன்பதாவது அக்கா தங்கச்சிங்க யாராவது வெள்ளிக்கிழமைக்குள் பி.டி. மிஸ்கிட்ட பேர் கொடுங்க. அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாயணும், அதனால சாயங்காலம் தினமும் அரை மணி நேரம் என்கூட நிற்கிற மாதிரி இருக்கணும்.

— 9-ஆம் வகுப்பு மாணவி