எல் வடிவ மீன் தொட்டி: கண்ணாடி வெட்டும் முன்...

மீன் தொட்டி ஆசை எந்த வீட்டில்தான் இல்லை? இரண்டடித் தொட்டி என்றால் கடையில் வாங்கி மேஜை மேல் வைத்துவிடலாம். குச்சனூரில் எங்கள் வீட்டில் கிளம்பிய ஆசை அப்படிப்பட்டதல்ல. ஹாலும் சாப்பாட்டு அறையும் சேருகிற மூலையில், சுவரோடு தானும் மடங்கி நிற்கிற எல் வடிவத் தொட்டி! காகிதத்தில் படம் போட்டுக்கொண்டு வந்த கொழுந்தனார், “மதினி, நாளைக்கே கண்ணாடிக்குச் சொல்லிரலாமா?” என்றார்.

“கண்ணாடி இருக்கட்டும் தம்பி. அழுக்கு எந்தப் பக்கம் போகும், சூடு எங்கேருந்து வரும், கரண்டு எந்த வழியா வரும், அதை முதல்ல சொல்லுங்க” என்றேன்.

காரணம் இருக்கிறது. வீட்டில் தத்தித் தத்தி நடக்கும் பதினோரு மாதக் குழந்தை. தொட்டியோ தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாகக் குடியிருக்கும் இடம். தவிர, விசேஷ வடிவத் தொட்டியை ஒட்டி முடித்த பிறகு குழாய்க்கு இடம் தேடுவது, வீடு கட்டிய பிறகு சாக்கடைக்கு வழி தேடுவதைப் போலத்தான்.

முதலில் கணக்கு. நீண்ட கை 150 சென்டிமீட்டர், மடங்கும் கை மூலை நீங்கலாக 90, அகலம் 45, தண்ணீர் உயரம் 45. இரண்டு செவ்வகமாகப் பிரித்துப் பெருக்கிக் கூட்டி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும். எங்களுக்கு 486 லிட்டர் வந்தது. மணலும் கல்லும் பிடிக்கும் இடம் போக, தண்ணீர் சுமார் 430 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் அறுநூறு கிலோவைத் தாண்டும். மாடி ஹாலில் வைக்கலாம் என்ற யோசனை அந்த நிமிஷமே போயிற்று, கீழ்த்தளம்தான். அதிலும் மேற்கு ஜன்னல் வெயில் படாத சுவர். வெயில் பட்டால் பாசியும் ஏறும், உஷ்ணமும் ஏறும். கண்ணாடி ஒட்டும் சிலிகானைப் பற்றியும் ஒரு வார்த்தை: குளியலறைக்கு விற்கும் சிலிகானில் பூஞ்சணக் கொல்லி கலந்திருக்கும், அது மீனுக்கு ஆகாது. மீன் தொட்டிக்கென்றே விற்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி ஃபில்டர். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும் வடிகட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சின தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்போதே மீனைக் கொல்லும் விஷம் இது. ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சிலும் பீங்கான் வளையத்திலும் குடியேறும் நுண்ணுயிர்கள்தாம் இதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. வித்தியாசம், தயிர் ஒரு ராத்திரியில் உறைந்துவிடும். இதற்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் இல்லாமல் ஃபில்டரை ஓட விட்டு, தினம் ஒரு சிட்டிகைத் தீனி போட்டு வர வேண்டும். சோதனைத் திரவத்தில் பார்த்து, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி இறங்கிப் பூஜ்யம் காட்டினால்தான் மீன். நோய் இல்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் சிநேகிதி இருந்தால், அவள் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சு கேட்டு வாங்குங்கள். உறை மோர் இரவல் வாங்குவதில் வெட்கமென்ன! பஞ்சைக் கழுவும்போது மட்டும் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். குளோரின் கலந்த தண்ணீர் பட்டால் அத்தனை உயிரும் போச்சு. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

மண்ணில் நட்ட செடிகளும் உதவும். 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் இரண்டு தங்க மீன், நீர்ச்செடி, நத்தை இவற்றை ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துத் தண்ணீர் மாற்றாமலே காப்பாற்றிக் காட்டினார். ஆனால் 430 லிட்டரில் மீன் கூட்டம் வைக்க ஆசைப்படும் நாம் செடியை மட்டும் நம்ப முடியாது. மணிக்கு நாலு தடவையாவது தொட்டித் தண்ணீர் முழுவதும் ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும். ஆக 1,700 லிட்டருக்கு மேல். பெட்டியின் மேல் அச்சடித்த அளவு, உள்ளே பஞ்சு நிரப்பி, தண்ணீரை மேலே ஏற்றும்போது கிடைக்காது. ஆகவே மணிக்கு 1,200 லிட்டர் என்று போட்ட வெளி ஃபில்டர் இரண்டாகத் தீர்மானித்தோம். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும்.

எல் வடிவத்தில் வம்பு செய்வது மூலைதான். ஒரு கையில் ஓடும் தண்ணீர் திரும்பி அடுத்த கைக்குப் போகச் சோம்பல்படும். கழிவு மூலையில் வந்து படியும். அதனால் தண்ணீர் வெளிவரும் குழாயை இரண்டு கைகளின் கோடியிலும், உறிஞ்சும் குழாய் இரண்டையும் மூலையிலும் வைக்கச் சொன்னேன். இரு பக்கமிருந்தும் தள்ளிவரும் அழுக்கு நேரே வாய்க்குள் போய்விடும். மூலைக்குக் கீழே அலமாரி, அதற்குள் ஃபில்டர், அலமாரிக்குப் பூட்டு. குழந்தை உள்ள வீடு அல்லவா?

“நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் ஒரு கேடா?” என்றார் என் கணவர். நான் பதில் சொல்லவில்லை. மார்கழியில் ஒரு வாரம் ஹாலில் வாளித் தண்ணீர் வைத்து, வெப்பமானி போட்டுப் பார்த்தேன். விடியற்காலை 21 டிகிரி, பிற்பகல் 26. ஏஞ்சல் மீனுக்கு 25 முதல் 28 வேண்டும். குளிரை விட, ஒரே நாளில் ஏறி இறங்குவதுதான் அதற்கு ஆபத்து; இளைத்துப் போய், உடம்பெல்லாம் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளி நோய் வந்துவிடும். தங்க மீன் மட்டும் வளர்ப்பவர்களுக்கு ஹீட்டரே வேண்டாம், அதற்குக் குளிர்ச்சிதான் பிடிக்கும். ஆகவே எந்த மீன் என்பதை முடிவு செய்யாமல் ஹீட்டர் வாங்காதீர்கள்.

ஐந்து டிகிரி உயர்த்த, லிட்டருக்கு அரை வாட்டுக்குச் சற்று மேல் இருந்தால் எங்கள் பக்கத்துக் குளிருக்குப் போதும். 300 வாட்டில் ஒன்று வாங்காமல் 150 வாட்டில் இரண்டு வாங்கினோம். தானாக நிற்கும் விசை ஒன்றில் பழுதாகி ஓடிக்கொண்டே இருந்தாலும், அத்தனை தண்ணீரையும் அது ஒன்றே கொதிக்க வைத்துவிடாது. ஆளுக்கொரு கையில், தண்ணீர் வெளிவரும் குழாய் அருகே பொருத்தினால் சூடு பரவும். இரண்டும் விடாமல் பத்து மணி நேரம் எரிந்தால் மூன்று யூனிட். தண்ணீர் மாற்றும்போது அணைக்க மறக்கக் கூடாது. சூடாக இருக்கும் கண்ணாடிக் குழல் வெளியே தெரிந்தால் விரிந்துவிடும்.

மின்சாரத்துக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுத் தடுப்பு சுவிட்ச், தனியாக. பிளக் குழந்தையின் கை எட்டாத உயரத்தில். ஒயர், பிளக்கை விடத் தாழ்ந்து தொங்கி மேலேறட்டும். ஒழுகும் சொட்டு பிளக்குக்குள் போகாது. மின்வெட்டுக்கு பாட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று. பல மணி நேரம் நின்றுபோன ஃபில்டரை அப்படியே ஓட விடாதீர்கள். மூடிய பெட்டிக்குள் காற்றின்றி உயிர்கள் செத்துக் கெட்டிருக்கும். திறந்து அலசிவிட்டுப் போடுங்கள்.

“பக்கத்துல சுரபி நதி ஓடுது, அந்தத் தண்ணியை ஊத்துனா என்னத்தா?” என்று அத்தை கேட்டார்கள். சுற்றிலும் நெல் வயல். வாய்க்கால் தண்ணீரில் பூச்சி மருந்தும், மீன் நோய்க் கிருமியும் வரலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து சேர்த்து நிரப்பினோம். செம்புக் குடத்தில் மொண்டு ஊற்ற வேண்டாம். செம்பு சிறிது கரைந்தாலும் மீனுக்கும் நத்தைக்கும் ஆகாது. அதைவிட முக்கியம், கொசு மருந்து. அதில் உள்ள பைரித்ராய்டு நமக்கு இருமலோடு போகும், மீனைக் கொன்றுவிடும். காற்று பம்பு அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீரில் விடுகிறதே! ஹாலில் கொசு மருந்து அடிப்பதை நிறுத்தி, ஜன்னலுக்கு வலை அடித்தோம். குழந்தைக்கும் அதுதான் நல்லது.

சித்திரை வெயிலில் கஷ்டம் வேறு திசையில். தண்ணீர் 32 டிகிரி தொட்டால் பிராணவாயு கரைவது குறையும், மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள். மூடியைத் திறந்து, தண்ணீர்ப் பரப்பில் சின்ன மின்விசிறி வீசட்டும், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். வற்றும் அளவுக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும், அவ்வளவே.

மீன்கள் சென்னை கொளத்தூரிலிருந்து பையில் வந்தன. பையைப் பிரிக்காமல் இருபது நிமிஷம் தொட்டியில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் கலந்து, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டோம். முதல் தவணை ஆறுதான். மற்றவை இரண்டிரண்டு வாரம் தள்ளி.

ஆடிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரன் கோயிலுக்கு வருகிற உறவுக்காரர்கள் எங்கள் வீட்டில் இறங்குவது வழக்கம். ஆளுக்கொரு கைப்பிடி பொரி போட ஆரம்பித்தால் எந்த ஃபில்டரும் தாங்காது. ஒரு நாள் தீனியைச் சின்னக் கிண்ணத்தில் அளந்து குழந்தைகளிடம் கொடுத்துவிடுகிறோம். பொரி டப்பா பரண் மேல் போய்விட்டது.