வீவக வீட்டில் ஸ்மார்ட் டிரெய்னர்: வாட் கணக்குக்கு முன் கீழ் வீட்டுக் கணக்கு

காலை 5.30 மணிக்குச் சைக்கிளோடு கீழே இறங்கினால் மழை. ஞாயிற்றுக்கிழமை பூங்கா இணைப்புப் பாதை முழுக்கக் கூட்டம். வார நாளில் வேலை முடிந்து வீடு சேரும்போது மணி எட்டு. "பேசாம ஒரு டிரெய்னர் வாங்கி வீட்டுக்குள்ளேயே மிதிச்சா என்ன?" என்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம்.

டிரெய்னர் என்பது உங்கள் சைக்கிளை அசையாமல் பிடித்துக்கொண்டு, மிதிப்பதற்குத் தடை கொடுக்கும் கருவி. அது 'ஸ்மார்ட்' ஆவது, கைப்பேசியிலோ கணினியிலோ உள்ள செயலியோடு பேசும்போது. நீங்கள் எவ்வளவு சக்தி கொடுக்கிறீர்கள் என்பதை வாட் கணக்கில் அது செயலிக்கு அனுப்பும். திரையில் மேடு வந்தால் மிதி தானாகக் கனக்கும். இறக்கம் வந்தால் இலேசாகும். 2023 ஜூனில் சன்டெக்கில் நடந்த ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தில் சைக்கிளோட்டமும் ஒரு போட்டி. வீரர்கள் மிதித்தது இப்படிப்பட்ட கருவிகளில்தான்.

எதை வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் மதிப்பீடுகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில், தனி வீட்டுக் கார் கொட்டகையில் டிரெய்னரைப் போட்டு மிதிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் கதை வேறு. நமக்குக் கீழே ஒரு குடும்பம் தூங்குகிறது. அறைக்குள் வெப்பம் 30 டிகிரி. அந்த இரண்டையும் வைத்துத்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில், என்னென்ன வகை?

சக்கரத்தோடு மாட்டும் வகை மலிவானது. பின் டயர் ஓர் உருளையை அழுத்திக்கொண்டு சுழலும். மாட்டுவது சுலபம். ஆனால் டயர் தேயும், அழுத்திப் பிடித்தால் வழுக்கும், சத்தமும் அதிகம். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் மிதித்துச் சூடாக்கி அளவைச் சரிசெய்தால்தான் வாட் கணக்கை ஓரளவு நம்பலாம்.

பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரே டிரெய்னரில் மாட்டுவது இரண்டாவது வகை. 'டைரக்ட் டிரைவ்' என்பார்கள். டயரே இல்லாததால் சத்தமும் வழுக்கலும் குறைவு. எடை கிட்டத்தட்ட 18இலிருந்து 22 கிலோ வரை வரும். "மிதிச்சு முடிச்சிட்டு பாம் ஷெல்ட்டர்ல தூக்கி வச்சிடலாம்" என்று திட்டமிடுபவர்கள் இந்த எடையைக் கவனியுங்கள். தினமும் தூக்க வேண்டியிருந்தால் மூன்றாவது வாரமே அலுத்துவிடும்.

மூன்றாவது, முழு ஸ்மார்ட் சைக்கிள். விலை அதிகம், இடமும் நிரந்தரமாகப் போகும். ஆனால் ஒரே வீட்டில் உயரம் வேறுபட்ட இரண்டு மூன்று பேர் மிதிப்பதாக இருந்தால் இதற்கு நியாயம் உண்டு. இருக்கையையும் கைப்பிடியையும் மாற்றினால் போதும். யாருடைய சைக்கிளையும் கழற்றி மாட்ட வேண்டாம்.

கீழ் வீட்டுக்குக் கேட்பது என்ன?

விளம்பரங்களில் "சத்தமே இல்லை" என்று எழுதியிருக்கும். அது பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. டிரெய்னரிலிருந்து இரண்டு விதமாக ஒலி கிளம்புகிறது. ஒன்று காற்று வழியே பரவும் 'உய்ங்' சத்தம். நிறுவனங்கள் டெசிபெல்லில் சொல்வது இதைத்தான். இன்னொன்று டிரெய்னரின் கால்கள் வழியாகத் தரைக்குள் இறங்கும் அதிர்வு. கான்கிரீட் தளம் அதை அப்படியே கடத்தும். அறையில் உங்களுக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். கீழ் வீட்டு ஆண்ட்டிக்குக் கூரையில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் ஒரு மணி நேரம் ஓடும்.

நேரமும் இதில் முக்கியம். அக்கம்பக்க இரைச்சலைப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட சமூக ஆலோசனைக் குழு, 2022இல் ஒரு பரிந்துரையை முன்வைத்தது. இரவு 10.30 முதல் காலை 7 வரை இருந்த அமைதி நேரத்தை, இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கலாம் என்றது அது. நம்மில் பலர் மிதிக்க நினைப்பதே காலை 5.30க்கும் இரவு 10க்கும்தான்! அதனால் அதிர்வைக் குறைக்காமல் டிரெய்னர் வாங்குவது, சண்டையை மாதத் தவணையில் வாங்குவது மாதிரி.

என்ன செய்யலாம்? மெல்லிய யோகா விரிப்பு இதற்குப் போதாது. எடை ஏறியதும் அது தட்டையாகிவிடும். அடியில் அடர்த்தியான தடித்த ரப்பர் அல்லது நுரைப் பாய், அதன்மேல் கனமான பலகை, அதன்மேல் டிரெய்னர் என்று அடுக்கினால் அதிர்வு தரைக்குப் போவது நன்றாகக் குறையும். கனமும் மென்மையும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். அதற்காகப் பாய் ரொம்ப மெத்தென்று இருந்தால் சைக்கிள் ஆடும், ஜாக்கிரதை. இடத்தையும் பாருங்கள்: அறை நடுவில் போடுவதைவிடச் சுவரோரம் போடுவது நல்லது. தளத்தின் நடுப்பகுதிதான் எளிதாக அதிரும்.

காசு செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. டிரெய்னரில் 'எர்க்' என்று ஒரு முறை இருக்கிறது. 180 வாட் என்று வைத்துவிட்டால், நீங்கள் வேகமாகச் சுழற்றினாலும் மெதுவாகச் சுழற்றினாலும் கருவி தடையை மாற்றி அதே 180இல் நிறுத்தும். அந்த முறையில் எந்தக் கியரில் இருந்தாலும் உழைப்பு ஒன்றுதான். ஆகவே முன்பக்கம் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் கனமான சுழல்சக்கரம் மெதுவாகச் சுற்றும்; சத்தமும் அதிர்வும் சட்டென இறங்கும். அதிகாலையில் எர்க், சனிக்கிழமை மாலையில் எழுந்து நின்று ஸ்பிரிண்ட் என்று பிரித்துக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி.

சோதிப்பதும் சுலபம். வீட்டில் ஒருவர் மிதிக்கட்டும். நீங்கள் ஒரு மீட்டர் தள்ளி உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். கை கூசினால் கீழேயும் தெரியும். அதைவிடச் சிறந்தது, கீழே போய்க் கதவைத் தட்டி "ஆண்ட்டி, மேல சைக்கிள் மிதிக்கிறோம், சத்தம் ஏதும் கேக்குதா?" என்று முதல் வாரமே கேட்டுவிடுவது. புகார் வந்தபிறகு கேட்பதற்கும் முன்பே கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

'பாம் ஷெல்ட்டருக்குச் சுவர் தடிமன்தானே, உள்ளேயே மிதிச்சா?' என்று சிலர் யோசிப்பதுண்டு. வேண்டாம். சுவர் காற்றுவழிச் சத்தத்தைத் தடுக்கும், அதிர்வைத் தடுக்காது. காற்றோட்டமும் போதாது. அது நம்மை அடுத்த விஷயத்துக்குக் கொண்டுபோகிறது.

வெப்பம்: நீங்களே ஓர் அடுப்பு

மனித உடல் சைக்கிள் மிதிக்கும்போது, செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 முதல் 25 விழுக்காடுதான் மிதிக்குப் போகிறது. மீதி எல்லாம் சூடு. நீங்கள் 200 வாட் மிதித்தால் உடலிலிருந்து 600 முதல் 800 வாட் வெப்பம் வெளியேற வேண்டும். மிதிக்குப் போன 200 வாட்டும் கடைசியில் டிரெய்னருக்குள் சூடாக மாறி அதே அறைக்குள் வருகிறது. ஆக மொத்தம் 800இலிருந்து 1,000 வாட். படுக்கையறைகளில் இருக்கும் 9,000 பிடியு குளிரூட்டியின் திறன் ஏறத்தாழ 2,600 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் ஒருவரே விழுங்கிவிடுகிறீர்கள்!

வெளியே மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது அதே வேகத்தில் காற்று உங்கள்மேல் வீசுகிறது. அறைக்குள் அது பூஜ்யம். நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. இதய வேகம் ஏறும், 200 வாட் கொடுத்தவர் 160க்குத் திணறுவார். டிரெய்னர் மோசம் என்று நினைப்பார்.

அதனால் பெரிய மின்விசிறி என்பது கூடுதல் வசதி அல்ல, கருவியின் ஒரு பகுதி. மேலே சுற்றும் விசிறி மட்டும் போதாது. நெஞ்சுக்கும் முகத்துக்கும் நேரே பலமாக வீசும் தரைவிசிறி வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பது சாதாரணம் என்பதால் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தலை சுற்றினால் இறங்கிவிடுங்கள். முடித்ததும் கைப்பிடியையும் அதன் ஆணிகளையும் துடைத்துவிடுங்கள். உப்பு வியர்வை இரும்பைச் சத்தமில்லாமல் அரித்துவிடும்.

எந்த எண்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்?

விலை உயர்ந்த டிரெய்னர்கள் ஒரு விழுக்காடு துல்லியம் என்கும்; நடுத்தர விலைக் கருவிகள் இரண்டு விழுக்காடு என்கும். 200 வாட்டில் இது 2 வாட்டா 4 வாட்டா என்ற வேறுபாடு. விசிறியைத் திருப்பி வைத்தால் அதைவிடப் பெரிய மாற்றம் தெரியும்.

அடுத்தது மேட்டின் அளவு. வாஹூ நிறுவனத்தின் கிக்கர் கோர் 16 விழுக்காடு சரிவு வரை காட்டும். டாக்ஸ் நியோ 2டி 25 விழுக்காடு வரை. சிங்கப்பூரின் உயரமான குன்றான புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான். ஆனால் ஸ்விஃப்ட் செயலியில், பிரான்சின் ஆல்ப் துவெஸ் மலையைப் போல அமைத்த பாதையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறலாம், ஆசை வரும்தான். ஒரு சின்ன இரகசியம்: ஸ்விஃப்ட்டில் டிரெய்னர் கடினம் என்ற அமைப்பு ஆரம்பத்தில் 50 விழுக்காட்டில்தான் இருக்கும். திரையில் 16 விழுக்காடு மேடு வந்தாலும் கால் உணர்வது 8 விழுக்காடு. நீங்களாக மாற்றாதவரை 25 விழுக்காடு திறனுக்கு வேலையே இல்லை. 1,800 வாட், 2,200 வாட் என்ற உச்ச எண்களும் அப்படித்தான். நம்மில் பெரும்பாலோர் சில விநாடிகள் 1,000 வாட்டைத் தொட்டாலே பெரிய விஷயம்.

சொந்தமாக ரோடு சைக்கிள் வைத்திருந்து வீவக வீட்டில் இருப்பவர்களுக்கு என் தேர்வு: நடுத்தர விலை டைரக்ட் டிரைவ். மிச்சப்படும் பணத்தைப் பாய்க்கும் விசிறிக்கும் கொடுங்கள்.

உங்கள் சைக்கிள் பொருந்துமா?

வாங்குமுன் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தின் அச்சு எந்த வகை, எத்தனை மில்லிமீட்டர்? பின்பக்கம் எத்தனை பல்சக்கரங்கள்? சட்டம் கார்பனாக இருந்தால், டிரெய்னரில் மாட்டுவதற்கு உத்தரவாதம் உண்டா? டிஸ்க் பிரேக் உள்ள புதிய ரோடு சைக்கிள்களில் பெரும்பாலும் 12க்கு 142 மில்லிமீட்டர் துளை அச்சு. பழைய சைக்கிள்களில் 130 அல்லது 135. சில டிரெய்னர்களில் பல்சக்கரத் தொகுதி பெட்டியிலேயே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். ஒற்றைப் பல்சக்கரமும் மின்னணுக் கியரும் கொண்டவையும் இப்போது உண்டு. சங்கிலி ஒரே இடத்தில் ஓடுவதால் அவை அமைதியானவை.

மடக்கு சைக்கிள் மட்டும் வைத்திருப்பவர்கள் அவசரப்படாதீர்கள். 16 அங்குலச் சக்கரமுள்ள பல மாடல்கள் எந்த வகை டிரெய்னரிலும் உட்காராது. கடைக்குச் சைக்கிளையே எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள்.

இணைப்புக்கு, 'எஃப்டிஎம்எஸ்' என்ற புளூடூத் முறையோ 'ஏஎன்டி பிளஸ் எஃப்இ-சி' முறையோ இருந்தால் பெரும்பாலான செயலிகளோடு ஒத்துப்போகும். ஒரே ஒரு செயலிக்குக் கட்டுப்பட்ட கருவி என்றால் யோசியுங்கள்.

மாதாமாதம் போகும் பணம்

ஸ்விஃப்ட் 2024இல் மாதக் கட்டணத்தை 14.99 அமெரிக்க டாலரிலிருந்து 19.99 ஆக்கியது. ஓராண்டுக்குக் கிட்டத்தட்ட 240 டாலர். அபுதாபியிலிருந்து இயங்கும் மைவூஷ் இலவசம். 2024இல் மின்விளையாட்டு சைக்கிளோட்ட உலக வெற்றியாளர் போட்டி நடந்ததும் அதில்தான். முதல் இரண்டு மாதம் இலவசத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். வெளிநாட்டுக் கடையில் விலை குறைவாகத் தெரிந்தால் அனுப்பும் செலவையும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கூட்டிப் பாருங்கள். 20 கிலோ பெட்டியைப் பழுதுபார்க்கத் திருப்பி அனுப்புவது யார் தலையில் விழும் என்பதையும்!

கேரசல் போன்ற தளங்களில் அதிகம் ஓடாத டிரெய்னர்கள் அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன. ஆர்வம் வேகமாகத் தணிந்துபோகும் பொருள் இது. நேரில் போங்கள், உங்கள் கைப்பேசியில் செயலியை முன்பே இறக்கி வையுங்கள். இணைகிறதா, தடை மாறுகிறதா, மிதியை நிறுத்தியபின் சுழல்சக்கரம் கரகரவென்று ஒலிக்காமல் சீராக ஓடி நிற்கிறதா என்று பாருங்கள். அச்சுக்கான இணைப்புத் துண்டுகளும் மின்கம்பியும் பெட்டியில் இருக்கின்றனவா என்பதை, பணம் அனுப்பும் முன் எண்ணிவிடுங்கள்.